தரங்கம்பாடி பேர் வச்ச நண்டு

அன்புள்ள ஜெயந்திக்கு,

உன் லெட்டர் போன வாரமே வந்துடுச்சுடி, உட்கார்ந்து எழுத நேரம் இப்பதான் கெடச்சுது. முட்டி ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுதுன்னு படிச்சப்புறம்தான் எனக்கு மூச்சே வந்துச்சு. கொஞ்ச நாளைக்கு மாடிப்படி பக்கம் போகாத. பேத்தி ஃபோட்டோ பார்த்தேன், அப்படியே உன் மூக்கு.

நான் வர்ற மே மாசத்தோட ரிடையர் ஆகுறேன். ரூமைக் காலி பண்ணணும்னு அலமாரியத் திறந்தா கடைசித் தட்டுல நம்ம பரங்கிப்பேட்டை காலத்து ஜாடிங்க அப்படியே இருக்கு. லேபிள்ல என் கையெழுத்துல நம்ம களி நண்டோட லத்தீன் பேர், 'சில்லா செராட்டா, பிச்சாவரம், 1991'. பார்த்ததும் சந்தோஷம்தான வரணும், எனக்கு வயித்தப் பிசைஞ்சுது.

நீ ஸ்கூல் வேலைக்குப் போயிட்ட, அதனால இந்தக் கதை உனக்கு முழுசா தெரியாது. களி நண்டுல ரெண்டு ஜாதி இருக்குன்னு நமக்கு அப்பவே தெரியும்ல, பொந்துல இருக்குற சின்னத செராட்டான்னும் பெருச ட்ரான்குபாரிக்கான்னும் எழுதிட்டிருந்தோம், எல்லாருமே அப்படித்தான் எழுதுனாங்க. ட்ரான்குபாரிக்கான்னா வேற ஒண்ணும் இல்ல, நம்ம தரங்கம்பாடிதான், 1798ல ஃபேப்ரீசியஸ்னு ஒரு டென்மார்க் விஞ்ஞானி அந்த ஊர் பேரையே நண்டுக்கு வச்சாரு. அப்புறம் 1998ல கீனன், டேவி, மான்னு மூணு பேர் இந்த சில்லாங்கற பேரினத்தையே திரும்பப் பார்த்து மொத்தம் நாலு இனம்னு பிரிச்சாங்க. அதுக்கப்புறம் நம்ம நாட்டு நண்டுகள டிஎன்ஏ வச்சுப் பார்த்தப்போ பெருசுதான் செராட்டா, சின்னது ஒலிவேசியான்னு வந்துச்சு. அதாவது நான் அஞ்சு வருஷம் சேத்துல இடுப்பளவு நின்னு எழுதுன தீசிஸ் முழுக்க ஒலிவேசியா பத்தினது, அட்டையில செராட்டான்னு இருக்கு.

பேர்தானே, மாத்திக்கலாமேன்னு நீ கேப்ப. பேரோட போகலடி. அதுல ஒரு அத்தியாயம் பொட்ட நண்டு எந்த சைஸ்ல பருவத்துக்கு வருதுங்கறது. சின்ன ஜாதி சின்னதுலயே வந்துடும், பெருசு இன்னும் நல்லா வளரணும். என் கணக்க எடுத்து யாராவது பெரிய நண்டுக்கு 'இதுக்குக் கீழ பிடிக்கக்கூடாது'ன்னு அளவு வச்சா, அதுங்க ஒரு தடவ கூட முட்ட போடாம சந்தைக்குப் போயிடும். இத நினைச்சா ராத்திரி தூக்கம் வர மாட்டேங்குது.

போன சனிக்கிழமை ஒரு ஜாடியத் திறந்தேன். ஃபார்மலின் நெடி, கண்ணெல்லாம் எரிச்சல். உள்ள ஏழு நண்டு. கொடுக்குல இருந்த சிவப்பு எல்லாம் போய் ஒரே வைக்கோல் நெறம், நெறத்த வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. லென்ஸ் எடுத்து முள்ளத்தான் பார்த்தேன். கொடுக்குக்குப் பின்னாடி மணிக்கட்டு மாதிரி ஒரு கணு இருக்கும்ல, அதோட வெளிப்பக்கம் பெரிய ஜாதிக்கு ரெண்டு கூரான முள்ளு, சின்னதுக்கு மொட்டையா ஒரு மேடு, அவ்வளவுதான். ஆறு நண்டு மொட்டை. ஏழாவதுல விரல வச்சா குத்துது! வயித்து மடலத் திருப்பிப் பார்த்தா இன்னும் முக்கோணமாவே இருக்கு, அதே சைஸ்ல மத்த ஆறுக்கும் அகலமா வட்டமா ஆயிடுச்சு. அன்னிக்கு இதத்தான் 'தாமதமாப் பருவமடையும் பெண்'னு எழுதி வச்சிருக்கேன். அது தாமதமே இல்ல, வேற ஜாதிக் குட்டி.

கிள்ளைல நமக்கு நண்டு பிடிச்சுக் குடுப்பாரே இருளர் பெரியவர், கம்பியப் பொந்துக்குள்ள விட்டு கையில உணர்ந்தே உள்ள நண்டா பாம்பான்னு சொல்லுவாரு, ஞாபகம் இருக்கா? அன்னிக்கு இந்த ஏழாவத கயித்துல கட்டிக்கிட்டே, 'பாப்பா, இது பொந்து நண்டு இல்ல, ஓடுற நண்டு, தனியா வை'ன்னாரு. நான் சரின்னு தலையாட்டிட்டு ஒரே ஜாடில போட்டேன். அந்தக் குரல் அப்படியே காதுல கேக்குது, அவர் இப்ப இல்ல.

அதனால திருத்தம் எழுதிட்டு இருக்கேன். ஒவ்வொரு ஜாடியா திறந்து, ஒவ்வொரு நண்டா முள்ளு பார்த்து, அளவெல்லாம் புதுசா எடுத்து. கூட ஒரு பொண்ணு உதவி பண்றா, ரொம்ப பொறுமைசாலி, நம்ம வயசுல நமக்கு அந்தப் பொறுமை இருந்துச்சான்னு யோசிக்கிறேன்.

ஒரு உதவி செய்டி. உயிரோட இருக்கும்போது நீ எடுத்த கலர் ஸ்லைடு ஒரு டப்பா, அப்புறம் நீல அட்ட ஃபீல்டு நோட்டு, அதுல தேதி வாரியா எந்தக் கால்வாய்ல எது பிடிச்சோம்னு உன் கையெழுத்துல இருக்கும். காலி பண்ணி வந்தப்போ உன் டிரங்குப் பெட்டியிலதான் போச்சு. ஸ்லைடுல கொடுக்கு நெறம் தெரிஞ்சா ஜாடியில காலு ஒடஞ்சு முள்ளு இல்லாம கெடக்குறதையும் பிரிச்சுடலாம். பரண்ல ஏறாத, பையன ஏறச் சொல்லு. கூரியர்ல போடாத, தொலஞ்சுடும், பொங்கலுக்கு நானே வந்து வாங்கிக்கிறேன்.

அன்புடன்,
கமலா