ஹோம் தியேட்டர் ஒலியையும் சோதித்துக் காட்டட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புதிய டி.வி.யைச் சுவரில் மாட்டிப் படம் தெரிகிறதா என்று மட்டும் பார்த்துக் கையெழுத்து வாங்கிச் செல்லும் ஊழியர்கள், ஏற்கெனவே வீட்டில் உள்ள, ஸ்பீக்கர்களுக்கு ஒலியைப் பிரித்து அனுப்பும் ஹோம் தியேட்டர் ரிசீவரைத் தொடுவதே இல்லை. பிறகு ஓ.டி.டி. படம் ஓடும்போது ஸ்பீக்கரில் ஒலி வராவிட்டால், பழுது என்று எண்ணிக் கட்டணம் கட்டி ஆளை அழைக்கிறோம். பெரும்பாலான வீடுகளில் பழுது எதுவும் இருப்பதில்லை.

டி.வி.யில் எத்தனை எச்.டி.எம்.ஐ. துளைகள் இருந்தாலும், ஒலியை ரிசீவருக்குத் திருப்பி அனுப்பும் வசதி பொதுவாக ஒன்றில்தான் உண்டு. அதன் அருகே 'ஏ.ஆர்.சி.' அல்லது 'இ.ஏ.ஆர்.சி.' என்று பொடி எழுத்தில் இருக்கும். கேபிளின் மறுமுனையை ரிசீவரின் 'அவுட்' துளையில் செருக வேண்டும். ஒலி ரிசீவருக்குள் போகிறது என்பதால் 'இன்' வரிசையில் செருகுவதே சரியெனத் தோன்றும். பலரும் தடுமாறுவது இங்கேதான். அடுத்து, எச்.டி.எம்.ஐ. கேபிள் வழியே ஒரு கருவி மற்றொன்றை இயக்க உதவும் சி.இ.சி. வசதியை இரு கருவிகளிலும் இயக்க வேண்டும். அதற்குச் சாம்சங்கில் 'எனிநெட் பிளஸ்', எல்ஜியில் 'சிம்ப்லிங்க்', சோனியில் 'பிராவியா சிங்க்' என்று ஆளுக்கொரு பெயர் இருக்கையில், வாங்கியவர் மெனுவில் எதைத் தேடுவார்?

ஒலி வந்தும் முன்னால் உள்ள இரண்டு ஸ்பீக்கர்கள் மட்டுமே முழங்கினால், டி.வி.யின் டிஜிட்டல் ஒலி வெளியீடு 'பி.சி.எம்.' (சுருக்கப்படாத ஒலி) என்று இருக்கிறதா எனப் பார்க்க வேண்டும். ஏ.ஆர்.சி.யிலும், ஒலியை ஒளியாக அனுப்பும் ஆப்டிகல் கேபிளிலும் பி.சி.எம். ஒலி இடம், வலம் என இரண்டு ஒலித்தடங்களோடு நின்றுவிடும். சுருக்கிய ஒலியை ரிசீவரே பிரித்துக்கொள்ளும்படி அனுப்பும் 'பிட்ஸ்ட்ரீம்' என மாற்றினால், 5.1 ஒலியுள்ள (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபருக்கான ஒலி) படத்துக்கு ரிசீவரின் முகப்பில் 'டால்பி டிஜிட்டல்' என்று தெரியும். மாறாக, பழைய ரிசீவர் அடியோடு ஊமையாக இருந்தால் பி.சி.எம்.முக்கு மாற்றிப் பார்ப்பதே நல்ல சோதனை. அப்போது ஒலி கேட்டால் கேபிள் நன்றாக இருக்கிறது, டி.வி. அனுப்பிய டால்பி டிஜிட்டல் பிளஸ் போன்ற வடிவம்தான் அந்த ரிசீவருக்குப் புரியவில்லை என்று அறியலாம். எல்லாம் சரியாக இருந்தும் திடீரென ஒலி நின்றால், இரண்டின் பிளக்கையும் பிடுங்கிச் சில நிமிடம் கழித்துச் செருகினாலே பல நேரம் சரியாகிவிடும்.

இவ்வளவையும் படத்துடன் ஒரே தாளில் தமிழில் அச்சிட்டுப் பெட்டிக்குள் வைப்பது நிறுவனங்களுக்குப் பெரிய செலவாகாது. டி.வி. மாட்ட வருபவர், வீட்டில் ரிசீவரோ சவுண்ட்பாரோ இருந்தால் அதில் ஒலி வருவதைக் காட்டிய பிறகே கையெழுத்து வாங்க வேண்டும் என்பதை விற்பனைக் கடைகள் கட்டாயமாக்க வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
மன்னார்குடி.