பெயர்ப் பட்டியல் வேண்டாம், அறை போதும்

சமுதாயக் கூடங்கள், நூலகங்கள், பொது அரங்குகளின் நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். பெண்கள் கூடி மனம்விட்டுப் பேசும் வட்டம் நடத்த உங்களிடம் இடம் கேட்டு வருகிறவர்களில் நானும் ஒருத்தி. பெரும்பாலும் நீங்கள் மறுப்பதில்லை. வாடகையைக் குறைத்துக்கொள்கிறீர்கள், சிலர் வாங்குவதே இல்லை. அதற்கு நன்றி. சிக்கல், அறையோடு சேர்த்துத் தரும் படிவத்தில் இருக்கிறது. வந்தவர்களின் பெயர், கைப்பேசி எண், கையெழுத்து. அறிவிப்புப் பலகையில் ஒட்ட ஒரு குழுப்படம். முடிந்தால் ஒரு சிறப்பு விருந்தினர். ஆண்டு முடிவில் 'கிடைத்த பலன்' பற்றி ஒரு பக்கம். எதையும் நீங்கள் கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை என்று தெரியும். ஆனால் இந்த நாலும் சேர்ந்தால், வட்டம் என்ற பெயரில் வேறு ஏதோ ஒரு கூட்டம்தான் நடக்கும்.

உள்ளே என்ன நடக்கிறது என்று சொன்னால் காரணம் விளங்கும். எட்டுப் பேரிலிருந்து பன்னிரண்டு பேர் வரை வட்டமாக உட்காருவோம். கூழாங்கல்லோ பந்தோ, ஏதாவது ஒரு பொருள் கைமாறி வரும். அது யார் கையில் இருக்கிறதோ அவர் பேசுவார், மற்றவர்கள் கேட்பார்கள். பேச விருப்பமில்லையா, பொருளை அடுத்தவரிடம் கொடுத்துவிடலாம். ஏன் என்று யாரும் கேட்பதில்லை. பேசுகிறவர் கேட்டால் ஒழிய யோசனை சொல்லக் கூடாது. எல்லாருக்கும் கஷ்டமான விதி இதுதான். 'ராத்திரியில் தூக்கமே இல்லை' என்று ஒருவர் சொல்லி முடிப்பதற்குள் மூன்று பேருக்கு வைத்தியம் நாக்கு நுனிக்கு வந்துவிடும். அதை அங்கேயே நிறுத்தி வைப்பது நடத்துபவரின் பாதி வேலை. நேரத்தைப் பார்ப்பதும், இன்னும் வாய் திறக்காதவர் யார் என்று கவனிப்பதும், ஒருவர் அழுதால் மற்றவர்கள் ஓடிப்போய்த் தேற்றாமல் பார்த்துக்கொள்வதும் மீதிப் பாதி. தேற்றக் கூடாது என்றால் கல்நெஞ்சம் போலத் தெரியும். ஆனால் அழ ஆரம்பித்ததும் தேற்றிவிட்டால் அவர் பேச்சு அதோடு நின்றுவிடும், நிம்மதி தேற்றியவருக்குத்தான்.

இப்போது சிறப்பு விருந்தினருக்கு வருகிறேன். 12 பேர், ஆளுக்கு 5 நிமிடம் என்றால் ஒரு மணி நேரம். தொடங்கவும் முடிக்கவும் அரை மணி. அறை கிடைப்பதே ஒன்றரை மணி நேரத்துக்குத்தான். விருந்தினர் 20 நிமிடம் பேசினால் (பத்து நிமிடம் என்று சொல்லித்தான் எழுந்திருப்பார்) நான்கு பெண்கள் பேசாமலே வீட்டுக்குப் போவார்கள். எல்லா இடத்திலும் கடைசியாகப் பேசுகிறவர்களாகத்தான் அந்த நால்வர் இருப்பார்கள்.

படம் இதைவிட மோசம். ஒரு கூடத்தின் பலகையில் எங்கள் படத்தைப் பார்த்த யாரோ, அதில் இருந்த ஒரு பெண்ணின் வீட்டில் போய்ச் சொல்லிவிட்டார்கள். 'எங்களைப் பற்றி அங்கே என்ன பேசினாய்?' என்று கேள்வி வந்தது. அவர் அன்று பேசியது தன் வேலையைப் பற்றி. அப்புறம் அவர் வரவே இல்லை. வட்டத்தில் பேசியது வட்டத்தைத் தாண்டாது என்று நாங்கள் கொடுக்கும் வாக்கு, யார் வந்தார்கள் என்பதற்கும் சேர்த்துத்தான். கையெழுத்துப் பதிவேடு உங்கள் மேசையில் திறந்து கிடக்கும்போது அந்த வாக்குக்கு என்ன மதிப்பு?

வாக்குக்கு எல்லை உண்டு. ஒருவரின் உயிருக்கோ ஒரு குழந்தைக்கோ ஆபத்து என்று தெரிந்தால் வெளியே உதவி தேடுவோம், இதை முதலிலேயே எல்லாரிடமும் சொல்லிவிடுகிறோம். நாங்கள் மனநல ஆலோசகர்கள் அல்ல. அடி, மிரட்டல் என்று யாராவது வாய் திறந்தால், தனியே பேசி, உதவி எண்களைக் கொடுத்து, அடுத்து என்ன என்பதை அவரிடமே விடுகிறோம். அவருக்காக நாங்கள் முடிவெடுத்தால், அவர் வீட்டில் நடப்பதையே நாங்களும் செய்கிறோம்.

பெண்களுக்கு மட்டும் ஏன் என்று சில குழுக்களில் கேட்கிறீர்கள். 1960களின் கடைசியில் நியூயார்க்கில் பெண் விடுதலைக் குழுக்கள் ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, அறையைச் சுற்றி ஒவ்வொருவராகச் சொந்த அனுபவத்தைச் சொன்னார்கள். தன் வீட்டுக் கோளாறு என்று ஒருத்தி நினைத்திருந்தது பக்கத்து நாற்காலியிலும் இருப்பது அப்படித்தான் தெரிந்தது. ஆண்கள் தங்களுக்கென்று ஒரு வட்டம் தொடங்கினால் நாற்காலி போட்டுத் தர நாங்கள் வருகிறோம்.

பலன் என்ன? எண் வேண்டுமென்றால் ஒன்று சொல்கிறேன். நேபாளத்தின் மக்வான்பூர் மாவட்டத்தில் நடந்த ஓர் ஆய்வை 2004இல் லான்செட் மருத்துவ இதழ் வெளியிட்டது. அங்கே பெண்கள் குழுக்கள் மாதந்தோறும் கூடி, பிரசவத்திலும் பச்சிளம் குழந்தைப் பராமரிப்பிலும் உள்ள சிக்கல்களை அலசி வழி தேடின. குழுக்களை நடத்தியது உள்ளூர்ப் பெண்கள், மருத்துவப் பணியாளர்கள் அல்ல. குழுக்கள் இருந்த பகுதிகளில் 1000 குழந்தைகளுக்குச் சுமார் 26 பேர் முதல் மாதத்துக்குள் இறந்தார்கள், இல்லாத பகுதிகளில் 37 பேர். இத்தகைய குழுக்களை 2014இல் உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைத்தது. எங்கள் வட்டத்துக்கும் இதே பலன் என்று நான் சொல்ல வரவில்லை. அந்தக் குழுக்களுக்குத் தெளிவான ஒரே நோக்கம் இருந்தது, எங்களுக்கு அப்படி இல்லை. ஆனால் அங்கேயும் பிறப்பையும் இறப்பையும் ஆய்வாளர்கள் தனியே கணக்கெடுத்துத்தான் பலனைக் கண்டார்கள். எங்களிடம் நீங்கள் கேட்பதோ, மனம்விட்டுப் பேசிய பெண்ணை வாசலில் நிறுத்தி 'இன்று என்ன பயன் அடைந்தீர்கள்?' என்று விசாரித்து எழுதச் சொல்வது.

பொறுப்பாளர் யார் என்று கேட்பது மட்டும் முழு நியாயம். தலைவரே வேண்டாம் என்ற பெண்கள் குழுக்களில் கண்ணுக்குத் தெரியாத தலைமை முளைக்கிறது, அதை யாரும் கேள்வி கேட்க முடிவதில்லை என்று அமெரிக்கப் பெண்ணியவாதி ஜோ ஃப்ரீமன் 1970இலேயே எச்சரித்தார். ஆகவே நடத்தும் இருவரின் பெயரும் எண்ணும் உங்களிடம் இருக்கட்டும். தீ விபத்து போல ஏதாவது நேர்ந்தால் தேவைப்படும் என்பதால், உள்ளே எத்தனை பேர் என்ற எண்ணிக்கையை ஒவ்வொரு முறையும் தருகிறோம். பெயர்கள் வேண்டாம்.

பதிலுக்கு நாங்கள் கேட்பது பெரிதல்ல. மாதத்தில் ஒரே நாள், ஒரே நேரம். வேறு நிகழ்ச்சி வந்தால் முதலில் எங்களைத் தள்ளிவைக்காதீர்கள், இரண்டு முறை தள்ளிப்போனாலே வருகிறவர்கள் பாதியாகிவிடுகிறார்கள். நகர்த்தக்கூடிய நாற்காலிகள். மூடினால் மூடிக்கொள்ளும் கதவு, நடுவில் யாரும் எட்டிப் பார்க்காத ஏற்பாடு. குழந்தைகளை விட்டுவிட்டு வர முடியாதவர்களுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை. முடிந்து போகும்போது வாசலில் விளக்கு எரிய வேண்டும்.

படிவத்தை மாற்ற முழுக் குழுவின் ஒப்புதல் வேண்டும் என்று சொல்வீர்கள். சரி, அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் இதை எடுத்துக்கொள்ளுங்கள். அதுவரை பெயர், படம், பலன் கேட்கும் இடங்களைக் காலியாக விட்டே படிவத்தைத் தருவோம். அதை அப்படியே வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுங்கள்.

இப்படிக்கு,
வட்டம் நடத்தும் ஒருத்தி