எங்கள் ஓவிய வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் முடிவெடுத்தபடி, இந்த ஆண்டு முழுக்க ஒரே பொருள்தான்: பிரபுக்களின் வீட்டு ஓய்வைக் காட்டும் ஓவியங்கள். யார் உட்கார்ந்திருக்கிறார்கள், யார் நிற்கிறார்கள் என்று பார்ப்பதிலேயே பாதிக் கூட்டங்கள் போயின.

அதிக நேரம் எடுத்துக்கொண்டவர் ஆங்கில ஓவியர் வில்லியம் ஹோகார்த். 1743 வாக்கில் அவர் தொடங்கிய ‘மேரேஜ் அ-லா-மோட்’ (நாகரிகத் திருமணம்) வரிசையின் ஆறு ஓவியங்களும் லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கின்றன. நொடித்துப்போன பிரபு ஒருவர், பணக்கார வணிகரின் மகளைத் தன் மகனுக்குக் கட்டிவைக்கிறார். பிரபுவுக்குப் பணம், வணிகருக்குப் பட்டத்துச் சம்பந்தம். பெண்ணை யாரும் கேட்கவில்லை. இரண்டாம் படத்தில், இரவெல்லாம் ஊர் சுற்றிய கணவன் நாற்காலியில் சரிந்து கிடக்கிறான். அவன் சட்டைப்பையில் துருத்தும் பெண் தொப்பியை நாய்க்குட்டி மோப்பம் பிடிக்கிறது. மனைவி சோம்பல் முறிக்கிறாள். காரியஸ்தரோ கட்டாத பில்களோடு, கையை உயர்த்தி அலுத்தபடி வெளியேறுகிறார்.

நான்காம் படத்தில் அந்த மனைவி, இப்போது சீமாட்டி, அலங்காரம் செய்துகொள்கிறாள். பக்கத்திலேயே அவளுடைய காதலன். கறுப்பினப் பணியாள் ஒருவர் சாக்லேட் பானம் பரிமாறுகிறார். தரையில் தலைப்பாகை கட்டிய கறுப்பினச் சிறுவன், ஒரு பொம்மையின் கொம்பைத் தொட்டுச் சிரிக்கிறான். மனைவி ஏமாற்றும் கணவனுக்குக் கொம்பு முளைக்கும் என்பது அந்த ஊர்க் கேலி. சிறுவன் வீட்டின் பகட்டுக்காக நிறுத்தப்பட்டவனா, உண்மையைப் போட்டுடைப்பவனா என்று காரசாரமாக விவாதித்தோம். இரண்டும்தான் என்பது என் கட்சி. கடைசிப் படத்தில் சீமாட்டி விஷம் குடித்துச் சாகிறாள்; தகப்பனார் அவள் விரலிலிருந்து மோதிரத்தைக் கழற்றுகிறார். அன்று கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

அப்புறம் பிரெஞ்சு ஓவியர் பிரான்சுவா பூஷேயின் ‘அலங்காரம்’ (1742). காலுறைப் பட்டி கட்டுபவள் சீமாட்டி. நமக்கு முதுகு காட்டி, தொப்பியை நீட்டுபவள் பணிப்பெண். ‘நம் கூட்டத்தில் மட்டும் டீ கொடுப்பது ஏன் எப்போதும் பெண்கள்?’ என்று ஓர் உறுப்பினர் கேட்டது அன்றுதான். இப்போது முறை வைத்திருக்கிறோம். ஆண்கள் போடும் டீயில் சர்க்கரை தூக்கல் என்ற புகார் நிலுவையில் உள்ளது.

ரவி வர்மா 1893 சிகாகோ உலகக் கண்காட்சிக்கு அனுப்பியவற்றில் ‘அதோ அப்பா வருகிறார்’ ஒன்று. தாய்வழிக் குடும்பத்துப் பெண், கையில் குழந்தை, கூட நாய். அப்பாவை மட்டும் காணோம். இதற்கு இன்னொரு கூட்டம் தேவை.

வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். புரொஜெக்டர் விளக்கு மாற்றும் செலவுக்குப் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன்.