ஜிஎஸ்டி நோட்டீஸ் எந்த மெயிலுக்கு அடியில் கிடக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பத்தமடைப் பாய் வியாபாரியோ, கல்லிடைக்குறிச்சி அப்பளக் கம்பெனியோ, டவுன் ரதவீதி ஜவுளிக்கடையோ, பெரும்பாலும் எல்லாவற்றுக்கும் ஒரே ஜிமெயில்தான். லோன் விளம்பரத்துக்கும் தள்ளுபடி அறிவிப்புக்கும் நடுவில்தான் ஜிஎஸ்டி நோட்டீஸும் வந்து விழுகிறது. 'மெயிலைப் பார்க்கவில்லை' என்ற சமாதானம் எளிதில் எடுபடாது. ஜிஎஸ்டி பதிவில் உள்ள மின்னஞ்சலுக்கு அனுப்பினாலும் நோட்டீஸை முறையாகக் கொடுத்ததாகவே ஜிஎஸ்டி சட்டத்தின் 169-ஆம் பிரிவு ஏற்கிறது. பதிவை ஏன் ரத்து செய்யக்கூடாது என்று கேட்டு வரும் நோட்டீஸுக்குப் பதில் சொல்ல 7 வேலை நாட்கள்தான்.

வருகிற மெயிலையெல்லாம் வரிசையாகப் படிக்க உட்கார்ந்தால் கடையைப் பார்க்க முடியாது. வேண்டியதைத் தனியே பிரித்துவிட்டால் போதும்.

முதலில், பதிவில் இருப்பது யாருடைய மெயில் என்று பாருங்கள். பிரவுசிங் சென்டர் முகவரியோ, விட்டுப்போன பழைய ஆடிட்டர் முகவரியோ இருக்கும். இது நம் பக்கம் சகஜம். ஜிஎஸ்டி தளத்தில் 'நான்-கோர்' (சிறு விவரத்) திருத்தமாக, ஓடிபி வாங்கி மாற்றிவிடலாம். அதிகாரி ஒப்புதல் தேவையில்லை.

அடுத்தது ஃபில்டர், அதாவது வருகிற மெயிலை ஜிமெயிலே பிரித்து வைக்கும் வசதி. போன் ஆப்பில் இதைப் போட முடியாது, கம்ப்யூட்டர் வேண்டும். ஜிஎஸ்டியிலிருந்து வந்த ஒரு மெயிலைத் திறந்து, மூன்று புள்ளியைத் தொட்டு, 'ஃபில்டர் மெசேஜஸ் லைக் திஸ்' கொடுங்கள். அந்த மெயில்களுக்கு ஒட்டும் லேபிளுக்கு 'வரி' என்று பெயர் வையுங்கள். 'நெவர் சென்ட் இட் டு ஸ்பாம்' என்பதையும் டிக் செய்யுங்கள். பழைய மெயில்களுக்கும் சேர்த்துப் போடும் கட்டம் கடைசியில் இருக்கும். அதை விட்டால் இனி வருபவை மட்டுமே பிரியும். வருமான வரி, வங்கிக்கும் இப்படியே. பிறகு ஆண்ட்ராய்டு ஆப்பில் 'வரி' லேபிளுக்கு 'சிங்க்' போட்டு, அதற்கு மட்டும் சத்தம் வையுங்கள். சிங்க் போடாமல் அறிவிப்பு வராது. பலர் தடுக்கி விழுவது இங்கேதான். மற்ற மெயிலைக் கடை திறந்ததும் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை பார்த்தால் தாராளம்.

விளம்பரம் தொல்லை என்று வங்கி மெயிலை 'ஸ்பாம்' என அழுத்துவது ஆபத்து. அதே முகவரியிலிருந்து வரும் ஸ்டேட்மென்டும் அங்கே போகலாம். 30 நாளில் தானாக அழிந்தும் போகும். தெரிந்த நிறுவனம் என்றால் 'அன்சப்ஸ்கிரைப்', முன்பின் தெரியாததற்கு மட்டும் 'ஸ்பாம்'. நோட்டீஸ் என்று வரும் மெயிலில் உள்ள லிங்க்கையும் தொட வேண்டாம். நேரே தளத்துக்குள் போய்ச் சரிபாருங்கள்.

இன்னொன்று இடம். இலவசக் கணக்கின் 15 ஜிபியை மெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றும் பங்கு போடுகின்றன. ஆண்ட்ராய்டு போனின் வாட்ஸ்அப் பேக்கப்பும் 2024 முதல் அதிலேயே கழிகிறது. குரூப்பில் வரும் கல்யாண வீடியோக்கள் இடத்தை அடைத்துவிட்டால் புதிய மெயில் உள்ளே வராமல் திரும்பிவிடும், நோட்டீஸ் உட்பட. பேக்கப்பில் வீடியோவை நிறுத்துங்கள். பெரிய மெயில்களை அழித்த கையோடு டிராஷையும் காலி செய்யுங்கள், இல்லையென்றால் 30 நாள் அங்கேயே கிடந்து இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

இப்படிக்கு,
வரி ஆலோசகர் ஒருவர்,
பாளையங்கோட்டை.