நம் கார் பந்தய ரசிகர் சங்கத்தின் ஆண்டறிக்கை, 2024-25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, துணைத்தலைவர் அவர்களே, பொருளாளர் அண்ணன் அவர்களே, வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம். வராதவர்களுக்கு இந்த அறிக்கை வாட்ஸ்அப்பில் அனுப்பப்படும். உண்மையில் இது அவர்களுக்காகத்தான் எழுதப்பட்டது.

ஆண்டுத் தொடக்கத்தில் 43 உறுப்பினர்கள் இருந்தோம், இப்போது 41. ஒருவர் துபாய்க்குப் போனார், இன்னொருவர் கிரிக்கெட்டுக்குப் போனார். மாதக் கூட்டம் 11 முறை நடந்தது, நவம்பரில் மழை. சுதந்திர தினக் கொடியேற்றம், ஓணத்துக்குப் பூக்கோலம், ரத்ததான முகாம் ஆகியவை வழக்கம்போல் சிறப்பாக நடந்தன.

பிப்ரவரியில் கோவை செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேக்கு ஒரு நாள் பயணம் ஏற்பாடு செய்தோம். நம் கொழிஞ்சாம்பாறையிலிருந்து கூப்பிடு தூரம்தான். இருபது பேர் பெயர் கொடுத்தார்கள். காலை ஆறு மணிக்கு வேலந்தாவளம் செக்போஸ்ட் பக்கத்து டீக்கடையில் வந்து நின்றவர்கள் ஏழு பேர். ஏழு பேர் போனாலும் இருபது பேர் போனாலும் வேன் வாடகை ஒன்றுதான் என்பதைப் பதிவு செய்கிறேன். மாருதி 800 இன்ஜினை வைத்தே பந்தயக் கார் செய்து ஓட்டிக் காட்டிய கரிவரதன் பெயரில் இருக்கும் ஓடுதளம் அது, 2.1 கிலோமீட்டர். வராதவர்களுக்குத்தான் நஷ்டம். வேன் நஷ்டம் மட்டும் சங்கத்துக்கு.

இனி இந்த ஆண்டின் முக்கிய நிகழ்ச்சிக்கு வருகிறேன். ‘விசித்திர வண்டி வரிசை’ என்று மாதம் ஒரு வழக்கத்துக்கு மாறான பந்தயக் காரை எடுத்துக்கொண்டு, அட்டையில் மாதிரி செய்து வந்து பேசினேன். இதற்கு உறுப்பினர்கள் ‘கோமாளி வண்டி வரிசை’ என்று பெயர் வைத்ததும் எனக்குத் தெரியும்.

முதலில் 1976-ல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய டைரல் பி34. முன்னால் நாலு, பின்னால் இரண்டு, ஆக ஆறு சக்கரம். படத்தைக் காட்டியதும் பின்வரிசையிலிருந்து, “ஏனுங்க, தேங்காய் லோடு ஏத்தவா?” என்று குரல் வந்தது. வடிவமைத்த டெரெக் கார்ட்னரின் கணக்கு வேறு. பெரிய முன் டயர் காற்றில் எதிர்த்து நிற்கிறது, முன்பக்கத்தைத் தூக்கவும் செய்கிறது. பத்து அங்குலச் சக்கரம் போட்டால் அவை மூக்குக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். சின்னச் சக்கரத்தில் பிடிப்பு குறையுமே என்றால், நாலு வைத்துவிடலாம், பிரேக்கும் கூடக் கிடைக்கும். அந்த வருடம் ஸ்வீடனில் ஆண்டர்ஸ்டார்ப் பந்தயத்தில் டைரல் டிரைவர்கள் ஷெக்டர் முதலிடம், டெபையே இரண்டாமிடம், இரண்டு பேருமே ஆறு சக்கரத்தில்! இதில் வேடிக்கை, ஜெயித்த ஷெக்டருக்கு அந்த வண்டி பிடிக்கவில்லை, டெபையேவுக்குத்தான் உயிர். அப்புறம் டயர் கம்பெனி எல்லாருக்கும் போடுகிற பெரிய டயரை மேம்படுத்திக்கொண்டே போனது, இந்த ஒரு டீமுக்கான குட்டி டயர் பின்தங்கிவிட்டது. வண்டி தோற்றது டயரால். பின்வரிசை நண்பருக்கு இது போய்ச் சேரவில்லை, ஏனென்றால் அவர் டீ குடிக்கப் போயிருந்தார்.

ஜூலைக் கூட்டத்தில் இறக்கை இல்லாத பெஜோ 9எக்ஸ்8. காரைத் தரையோடு அழுத்துகிற பின் இறக்கையே இல்லாமல் 2022-ல் நீண்ட தூரப் பந்தயங்களுக்கு வந்த கார். இதற்கு மட்டும் எல்லாரும் வாயைப் பிளந்தீர்கள், மூன்று பேர் போனில் படமாக வைத்துக்கொண்டீர்கள். ஆனால் பந்தயத்தில் அது ஒன்றைக்கூட ஜெயிக்கவில்லை. 2024-ல் இறக்கையை மாட்டிக்கொண்டுதான் வந்தது. அழகாக இருந்தால் தோற்றாலும் மன்னிக்கிறோம், அசிங்கமாக இருந்தால் ஜெயித்தாலும் சிரிக்கிறோம். 1977-ல் ஃபார்முலா ஒன்னுக்கு ரெனோ டர்போ இன்ஜினோடு வந்தபோது, அடிக்கடி புகைவிட்டு நின்றதால் ‘மஞ்சள் டீ கெட்டில்’ என்றார்கள். 1979-ல் பிரான்சிலேயே ஜெயித்தது. அடுத்த சில வருடங்களில் கேலி பேசியவர்களும் டர்போவுக்கு மாறினார்கள். 2018-ல் டிரைவரின் தலையைக் காக்க ஹாலோ என்ற வளையம் வந்தபோது, ஹவாய் செருப்பு வார் மாதிரி இருக்கிறது என்று நம் குழுவிலேயே எத்தனை மீம் போட்டீர்கள்? 2020 பஹ்ரைன் விபத்தில் டிரைவர் குரோஷான் தீப்பிழம்பிலிருந்து எழுந்து வந்த பிறகு ஒரு மீமும் இல்லை. நான் ஒன்றும் சொல்லவில்லை.

டெல்டாவிங் காரைக் காட்டிய கூட்டத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. பிரான்சில் நடக்கும் 24 மணி நேர லெ மான்ஸ் பந்தயத்தில் 2012-ல் ஓடியது. முன்பக்கம் ஈட்டி மாதிரி குறுகல், முன் டயரின் அகலம் நாலு அங்குலம், பின்பக்கம் மட்டும் அகலம். “பெட்டி ஆட்டோவுக்கு எதுக்குங்க ஸ்லைடு ஷோ” என்றார் துணைத்தலைவர். சரி, ஒத்துக்கொள்கிறேன், பார்க்க அப்படித்தான் இருக்கிறது. ஆனால் மற்ற வண்டிகளின் பாதி எடை, பாதி பவர், அதை வைத்தே ஈடுகொடுக்கலாம் என்பதுதான் யோசனை. சுமார் ஆறு மணி நேரத்தில் வேறொரு கார் இடித்துத் தள்ளிவிட்டது. விதிப்படி, பாதையில் நின்றுவிட்ட வண்டியை மெக்கானிக்குகள் தொடக் கூடாது. டிரைவர் மோட்டோயாமா தனியாக ஒன்றரை மணி நேரம் ஓரத்தில் உட்கார்ந்து ரிப்பேர் பார்த்தார், வேலிக்கு அந்தப் பக்கம் நின்று டீம்காரர்கள் வாயால் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வண்டி கிளம்பவில்லை. ஆனால் அதுவரை சிரித்தவர்கள் எல்லாம் அவருக்காகக் கைதட்டினார்கள். இந்த இடத்தில் மட்டும் நம் ஹாலும் அமைதியாக இருந்தது, நன்றி.

இப்போது விசிறி விவகாரம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

1978-ல் லோட்டஸ் கார்கள் அடிப்பக்கத்துச் சுரங்க வழியால் தரையை உறிஞ்சிப் பிடித்து ஓடின. பிராபாம் டீமிடம் இருந்ததோ அகலமாகப் படுத்திருக்கிற ஆல்ஃபா ரோமியோ இன்ஜின். சுரங்கத்துக்கு இடமே இல்லை. வடிவமைப்பாளர் கோர்டன் மரே பின்னால் பெரிய விசிறி ஒன்றை வைத்தார். அடியிலிருக்கும் காற்றை அது இழுத்துவிடும், கார் தரையோடு ஒட்டும். நிற்கிற இடத்தில் ஆக்சிலரேட்டரை அழுத்தினாலே வண்டி குத்துக்கால் போட்டு உட்காருமாம். காற்றுக்காக அசைகிற பாகம் எதுவும் கூடாது என்பது விதி. பிராபாம் சொன்ன பதில்: இது இன்ஜினைக் குளிரவைக்கிற விசிறி. அதே ஆண்டர்ஸ்டார்ப்பில் பிராபாம் டிரைவர் லௌடா 34 விநாடிக்கு மேல் முன்னால் வந்து ஜெயித்தார். விசிறி தூசியையும் கல்லையும் வாரி அடிக்கிறது என்று பின்னால் வந்தவர்கள் புகார் சொன்னார்கள். அந்த ஒரு பந்தயத்தோடு வண்டி திரும்பப் பெறப்பட்டது. வெற்றி மட்டும் நிலைத்தது.

இதை வாயால் சொன்னால் புரியாது என்று செய்தே காட்டினேன். இரண்டரை அடிக்கு இரண்டடி பிளைவுட் பெட்டி, அடி திறந்தது, சக்கரம் கிடையாது. சுற்றிலும் பழைய ஃபிளெக்ஸ் பேனரை வெட்டித் தரையில் உரசுகிற மாதிரிப் பாவாடை. பின்பக்கம் எக்ஸாஸ்ட் ஃபேன். உள்ளே இரண்டு செங்கல். கொப்பரை வியாபாரம் செய்யும் உறுப்பினர் கொக்கித் தராசு கொடுத்தார். வாசகசாலையின் சிவப்புத் தரையில் வைத்து இழுத்தபோது தராசு முள் நாலு கிலோவில் நின்றது. ஃபேனைப் போட்டதும் ஃபிளெக்ஸ் உள்ளே ஒட்டிக்கொண்டது, பெட்டி ஒரு நூல் அமுங்கியது, முள் ஐந்தரைக்குப் போனது. கைதட்டல் வந்திருக்க வேண்டும். அதற்குள், அன்றைக்குச் சாப்பிட்டு எல்லாரும் கீழே போட்டிருந்த வேர்க்கடலைத் தோல் முழுவதையும் பெட்டி வாரி எடுத்து, பின்னால் நின்ற தலைவரின் வெள்ளைச் சட்டைமேல் அடித்துவிட்டது. 1978-ல் பின்னால் வந்த டிரைவர்கள் சொன்ன அதே புகாரைத் தலைவர் அன்றே சொன்னார். என்னைப் பொறுத்தவரை பரிசோதனை முழு வெற்றி.

ஃபேன் விலை 1,850 ரூபாய். முன்அனுமதி வாங்கவில்லை என்று பொருளாளர் அண்ணன் மினிட்ஸில் எழுதச் சொன்னார், எழுதியிருக்கிறேன். கணக்கில் அது ‘ஹால் காற்றோட்டம்’ என்ற தலைப்பில் இருப்பதற்கும் ஆட்சேபம் வந்தது. அந்த ஃபேன் இப்போது வாசகசாலையின் வடக்கு ஜன்னலில் ஓடிக்கொண்டிருக்கிறது. இந்த வெயிலில் அதன் முதல் வேலை காற்றோட்டம்தான். மற்றதெல்லாம் உபரி.

வரவு செலவு: சந்தா, நன்கொடை, பழைய பத்திரிகை விற்ற வகையில் வரவு ஓரளவுக்கு வந்தது. வேன், டீ, நோட்டீஸ், காற்றோட்டம், இதர வகையில் செலவு அதைக் கொஞ்சம் தாண்டியது. துண்டு விழுந்ததைச் செயலாளர் கையிலிருந்து சமாளித்தார். விவரம் பொருளாளர் அண்ணனிடம் இருக்கிறது, விரும்புகிறவர்கள் பார்க்கலாம். பார்க்கும்போது சந்தாப் பட்டியலையும் பார்க்கவும். ஆண்டுச் சந்தா 300 ரூபாய். தராதவர்கள் 17 பேர். பெயர் சொல்லப் போவதில்லை. ஆனால் கேள்வி கேட்கிறவர்களும் டீ குடிக்கப் போகிறவர்களும் பெரும்பாலும் அந்தப் பட்டியலில்தான் இருக்கிறார்கள்.

இடம் தந்த வாசகசாலை நிர்வாகத்துக்கும், தராசு கொடுத்தவருக்கும், பிளைவுட் அறுத்துத் தந்த ஆசாரி அண்ணனுக்கும், சட்டையைத் தானே துவைத்துக்கொண்ட தலைவர் அவர்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு ஆடிக் காற்றுக்கு முன்னால், இன்ஜின் இல்லாமல் சரிவில் உருண்டு ஓடுகிற ஆறு சக்கர வண்டி ஒன்றை, ஆள் உட்காரும் அளவில் செய்யலாம் என்று ஒரு திட்டம். நம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் விட்டுப் பார்த்தால் மூக்கின் வடிவம் எவ்வளவு உதவுகிறது என்று தெரிந்துவிடும். பழைய சக்கரம், பைப், வெல்டிங் கூலி எல்லாம் சேர்த்து 5,100 ரூபாய் ஆகும் என்று விசாரித்திருக்கிறேன். இந்தத் தொகை எங்கோ கேட்ட மாதிரி இருந்தால், 17-ஐ 300-ஆல் பெருக்கிப் பார்க்கவும்.

ஆறு வருடமாக இந்தப் பொறுப்பில் இருக்கிறேன். வேறு யாராவது ஏற்க விரும்பினால் முழு மனதோடு வழிவிடுகிறேன்; போன வருடமும் இதையே சொன்னேன், யாரும் கை தூக்கவில்லை. மினிட்ஸ் நோட்டும் அலமாரிச் சாவியும் தயாராக இருக்கின்றன. அதுவரை ஞாயிறு காலை எட்டு முதல் ஒன்பது வரை பஸ் ஸ்டாண்டு எதிர் டீக்கடையில் ரசீது புத்தகத்தோடு இருப்பேன்.

இப்படிக்கு,
செயலாளர்