வாளை கவ்விய மாம்பழம்: தமிழ்ப் பாடத்திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

வணக்கம். இளங்கலைத் தமிழ் மாணவர்களுக்கான அணியிலக்கணத் தாளைத் திருத்தியமைக்கும் தங்களிடம், அத்தாளைப் பல ஆண்டுகள் வகுப்பில் நடத்தியவன் என்ற முறையில் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். இலக்கணத்தை மனப்பாடம் செய்வித்த பிறகு அதற்கொரு சான்று தேடும் இன்றைய முறையை விடுத்து, பாடலை முதலில் படித்து அதன்வழியே கலைச்சொல்லை அடையும் முறையைத் தாருங்கள்.

அணியிலக்கண நூலான தண்டியலங்காரத்தின் பொருளணியியல் தன்மை முதல் பாவிகம் ஈறாக 35 அணிகளைச் சொல்கிறது. நம் மாணவர்களிடம் ஓர் அணிக்கு ஒரு சான்றுதான் உண்டு: இயல்பான நிகழ்ச்சியின்மேல் கவிஞர் தம் குறிப்பை ஏற்றும் தற்குறிப்பேற்றம் என்றால் சிலப்பதிகாரத்தின் மதுரை மதிற்கொடி, ஒன்றை உருவகித்து அதனோடு இயைந்ததை உருவகிக்காமல் விடும் ஏகதேச உருவகம் என்றால் 'பிறவிப் பெருங்கடல்' என்னும் குறள். பிறவியைக் கடலாக்கிய வள்ளுவர் இறைவன் அடியைத் தெப்பமாக்காமல் விட்டதால் குறளுக்கு என்ன கிடைத்தது என்று கேட்டால் வகுப்பு மௌனமாகிவிடுகிறது.

குறுந்தொகையின் 8ஆம் பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். தலைவி தன்னைப் பழித்தாள் என்று அறிந்த பரத்தை, தலைவியின் பாங்காயினார் கேட்கும்படி பேசுகிறாள். 'கழனி மாஅத்து விளைந்துகு தீம்பழம் பழன வாளை கதூஉம் ஊரன்' என்று தொடங்குகிறாள். தானாகக் கனிந்து விழுந்த பழத்தை வாளை கவ்வியது போல, தன் முயற்சி ஏதுமின்றியே தலைவன் தன்னிடம் வந்தான் என்பது அதனுள் உறையும் பொருள். அடுத்து, பரத்தையின் வீட்டில் பெருமொழி பேசிய தலைவன் தன் மனைக்குப் போனதும், 'கையும் காலும் தூக்கத் தூக்கும் ஆடிப் பாவை போல', அதாவது கண்ணாடியில் தோன்றும் உருவம் போல, மனைவி விரும்பியதைச் செய்கிறான் என்கிறாள். முன்னது ஒப்புமையை வெளிப்படச் சொல்லாமல் உள்ளே வைக்கும் உள்ளுறை உவமம், பின்னது வெளிப்படை உவமை. தன் பங்கைச் சொல்லும் இடத்தில் மறைத்துப் பேசியவள், அவனை எள்ளும் இடத்தில் மட்டும் 'போல' என்று வெளிப்படையாக உடைப்பதைக் கண்டுகொண்ட மாணவருக்கு, உள்ளுறைக்கு வேறு விளக்கம் எழுதிப் போடத் தேவையே இராது.

சொற்களால் காட்சியை எழுப்பும் படிமம், ஒன்றைக் கொண்டு வேறொன்றைச் சுட்டும் குறியீடு ஆகியவற்றை வேறொரு பருவத்தில், புதுக்கவிதைத் தாளில் நடத்துகிறோம். இடையில் பாலம் இல்லாததால், 'உள்ளுறையே குறியீடு' என்று வழிகாட்டி நூல்கள் எழுதுவதை மாணவர்கள் அப்படியே ஒப்பிக்கிறார்கள். ஒரு நிலத்துக்குரிய மரம், விலங்கு முதலான கருப்பொருள்களுள் தெய்வம் ஒழிந்தவற்றையே நிலமாக, அதாவது களமாக, கொள்வது உள்ளுறை என்று தொல்காப்பியம் வரையறுக்கிறது. பழம் யார், வாளை யார் என்று அங்கே உறுப்புக்கு உறுப்பு பொருத்திக் காட்டிவிடலாம். குறியீடு அவ்வாறு ஒரு பொருளில் முடிவதில்லை. (கருப்பொருள் வழியே குறிப்பாகப் பொருள் உணர்த்தும் மற்றோர் உத்தியான இறைச்சியின் இலக்கணத்திலோ உரையாசிரியர்களே வேறுபடுகிறார்கள், அந்த வேறுபாட்டையும் மாணவர்களிடமிருந்து மறைக்க வேண்டியதில்லை.)

ஆகவே, 'உள்ளுறை உவமத்தைச் சான்றுடன் விளக்குக' என்னும் வினாவுக்கு மாற்றாக, பாடநூலில் இல்லாத ஒரு பாடலை அச்சிட்டு, அதில் ஒப்புமை எவ்வாறு இயங்குகிறது, அதை நீக்கினால் பாடல் எதை இழக்கும் என்று கேட்கும் ஒரு வினாவேனும் ஒவ்வொரு பருவத் தேர்விலும் இடம்பெறச் செய்யுமாறு வேண்டுகிறேன். விடைக்குறிப்போடு சொல்லுக்குச் சொல் ஒத்துப்போகாத விடைக்கும், பாடலடியைக் காட்டிக் காரணம் கூறியிருந்தால், முழு மதிப்பெண் வழங்கலாம் என்ற குறிப்பை மதிப்பீட்டாளர்களுக்கு அனுப்பவும் கோருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு தமிழாசிரியர்