தனி மரத்தை விட்டுவைத்தால் போதாது

மரம் வெட்டும் திட்டம் வகுக்கும் வன அலுவலர்களுக்கு,

வணக்கம். அரிய லைக்கன் ஒட்டியிருக்கும் மரத்துக்குக் குறி போட்டு, அதை மட்டும் விட்டுவிட்டுச் சுற்றிலும் வெட்டுகிறீர்கள். நல்லெண்ணம்தான், மறுக்கவில்லை. ஆனால் லைக்கன் அந்த மரத்தில் மட்டுமா வாழ்கிறது? மரத்தைச் சுற்றியுள்ள காற்றிலும் அல்லவா வாழ்கிறது!

லைக்கன் என்பது பூஞ்சையும் பாசியும் சேர்ந்து நடத்தும் குடித்தனம். வேர் கிடையாது. மழையையும் மூடுபனியையும் உடம்பு முழுக்க உறிஞ்சிக்கொள்ளும். காற்று காய்ந்தால் தானும் காயும். லோபேரியா புல்மோனேரியா என்ற லைக்கனை உலர்ந்த நாளில் பாருங்கள்: பழுப்பேறிய காகிதம் போல மொரமொரவென்று இருக்கும். கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் சில நிமிடங்களில் இலைப்பச்சையாகிவிடும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு மெய்சிலிர்க்கும். ஈரமாக இருக்கும் அந்த நேரத்தில்தான் அது உணவு தயாரித்து வளர முடியும். காய்ந்த நிலையில் கடும் வெயில் பட்டால் பச்சையம் பழுதாகி வெளிறிவிடும். சுற்றியுள்ள மரங்கள் போனதும் வெயிலும் காற்றும் நேராக அதன் மேல்தான் விழுகின்றன. நீலப்பச்சைப் பாசியோடு வாழும் லைக்கன்களின் பாடு இன்னும் மோசம்: காற்றின் ஈரப்பதம் மட்டும் அவற்றுக்குப் போதாது, சொட்டு நீராகவே வேண்டும்.

அப்புறம், பட்டை. ஊசியிலை மரங்களின் பட்டையில் பொதுவாக அமிலம் அதிகம். லோபேரியா அமிலம் குறைந்த, வயதேறிய அகன்ற இலை மரங்களையே பெரும்பாலும் தேடும். கந்தக டை ஆக்சைடு கலந்த காற்று பட்டையை மேலும் அமிலமாக்கும். பாரிஸின் லக்சம்பர்க் தோட்டத்து லைக்கன்களைக் கொண்டு காற்றின் தூய்மையை அளக்கலாம் என்று லைக்கன் ஆய்வாளர் நைலாண்டர் 1866லேயே எழுதினார்.

ஒன்று அழிந்தால் இன்னொன்று வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான் வளர்ச்சி. அது இனம் பெருக்க உதிர்க்கும் சிறு துகள்கள் பெரும்பாலும் சில பத்து மீட்டருக்குள்ளேயே விழுந்துவிடும். பக்கத்தில் ஏற்ற மரம் இல்லையென்றால் அந்தக் குடி அத்தோடு சரி.

அதனால் கேட்கிறேன்: தனி மரமாக விடாமல் தோப்பாக விடுங்கள். ஓடைக்கரையையும் வெயில் குறைந்த சரிவையும் தொடாதீர்கள். கிழ மரத்துக்குப் பக்கத்திலேயே அதே இனத்து இளமரங்களும் நிற்கட்டும். அடுத்த முறை குறி போடப் போகும்போது ஒரு கைலென்ஸும் ஒரு பாட்டில் தண்ணீரும் எடுத்துப் போங்கள்.

அன்புடன்,
லைக்கன்களைத் தேடிக் காடு சுற்றும் ஒருவர்